வார்டு வழியும் ராஜ் நிவாஸ் வழியும்: காவல் அதிகாரிகள் நகர ஆட்சிக்கு வருவது குறித்து

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இந்தச் சாலையில் அன்றாடம் போய்வருகிறவர்களுக்கு எல்லை என்பது வரைபடக் கோடு மட்டும் அன்று. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீசார் பையைத் திறந்து மதுப் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே, அங்கேதான் அது கண்ணுக்குத் தெரிகிறது. பிரெஞ்சுக் காலத்திலும் இப்படித்தான். 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் அருகே கைதாகி டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். இந்த எல்லையில் அரசு நெடுங்காலமாகக் காக்கி உடையிலேயே மக்களைச் சந்தித்து வந்திருக்கிறது.

2016 மே 29 அன்று அதே எல்லைக்கு அப்பால், இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான கிரண் பேடி, புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்றார். 2021 பிப்ரவரி 16 வரை அப்பதவியில் இருந்தார். காவல் பணியில் உயர்ந்த ஒருவர் தமிழ் பேசும் ஒரு நகரத்தின் அன்றாட நிர்வாகத்தில் இவ்வளவு நெருக்கமாக இறங்கியதற்கு அண்மைக் காலத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அந்த ஆட்சிக்காலத்தைக் கடலூர், சிதம்பரம் ஆகிய இரு ஊர்களின் பக்கத்திலிருந்து வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. என் வாதம் இதுதான்: காவல் அதிகாரி நகரத் தலைமைக்கு வருவதில் தவறேதும் இல்லை; ஆனால் எந்த வாசல் வழியாக வருகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய ஆட்சியின் குணம் அமைகிறது. நம் பகுதியில் வார்டு வாசல் அவர்களுக்கு ஏறக்குறைய அடைபட்டே கிடக்கிறது. மேலிருந்து நியமனமாக வரும் வாசல் மட்டும் திறந்திருக்கிறது. அது ஏன் என்பதற்கான விடை தனிமனிதர்களின் குணத்தில் இருப்பதைவிட, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகராட்சிகள் உருவான விதத்திலேயே அதிகம் இருக்கிறது.

துணைநிலை ஆளுநர் ஓர் ஒன்றியப் பகுதியின் நிர்வாகி, நகரத் தலைவர் அல்லவே என்று கேட்கலாம். சட்டப்படி அது சரிதான். ஆனால் புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பேடி பதவியிலிருந்த ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றம் அங்கே இல்லை. வாய்க்காலும் குப்பையும் தெருவிளக்கும் யாருடைய பொறுப்பு என்று ஒரு கவுன்சிலரைத் தேடிப்போய்க் கேட்க வழியில்லாத நகரத்தில், அந்தப் பொறுப்புகளை யார் நேரில் வந்து கையில் எடுக்கிறாரோ அவரே நடைமுறையில் நகரத் தலைவர் ஆகிவிடுகிறார்.

கடலூரின் தொடக்கத்திலேயே படைபலமும் ஊராட்சியும் ஒன்றாகத்தான் இருந்தன. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் கோட்டைக்குச் சேரும் என்பது அந்த ஒப்பந்தம். கோட்டையிலிருந்து சுட்டுப் பார்த்தே எல்லை குறித்தார்கள். பின்னாளில் கடலூர் நகராட்சிக்குள் வந்த பகுதிகள் பலவும் அன்று அந்தக் குண்டின் எல்லைக்குள் இருந்தவைதான்.

நகராட்சி என்ற அமைப்பு பிறந்தபோது இந்த உறவு வேறு வடிவம் எடுத்தது. கடலூர் நகராட்சி 1866இல் அமைந்தது; சிதம்பரம் 1873இல். கடலூர் நகராட்சிக்கு அடிப்படையான 1865ஆம் ஆண்டின் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டத்தைக் குடிமக்களுக்குத் தன்னாட்சி தந்த சட்டமாகவே நாம் பாடம் படித்திருக்கிறோம். அதன் உடனடித் தேவை நிதி சார்ந்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் அமைப்பைத் தந்திருந்தது. அந்தப் போலீசுக்கு ஆகும் செலவை நகரங்கள் தாங்க வேண்டும் என்று அரசு விரும்பியது. வீட்டுவரி, வண்டிவரி, தொழில்வரி என்று ஊரார் கட்டிய பணத்தில் ஒரு பங்கு காவலுக்குப் போனது. ஆனால் காவலர் யார், எங்கே நிற்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்த நகராட்சிக்கு இல்லை. சம்பளத்தைக் கொடு, உத்தரவு போடாதே என்பதே ஏற்பாடு. 1882 மே 18ஆம் தேதியிட்ட ரிப்பன் பிரபுவின் தீர்மானம், போலீஸ் செலவிலிருந்து நகராட்சிகளை விடுவித்து அந்தப் பணத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திருப்ப வேண்டும் என்றது. நகராட்சிகளுக்கு அது நிம்மதி. ஆனால் பணத்தின் வழியாகவேனும் இருந்த உறவும் அதோடு அறுந்தது. அதன் பிறகு நகராட்சிக் கட்டடமும் காவல் நிலையமும் ஒரே ஊரில், ஒரே தெருவில்கூட, இரண்டு வேறு அரசுகளைப்போல இயங்கத் தொடங்கின.

இதே காலத்தில் கல்கத்தா வேறு வழியில் போனது. ஸ்டூவர்ட் ஹாக் 1860களிலும் 70களிலும் அந்நகரின் போலீஸ் ஆணையராகவும் நகராட்சித் தலைவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டுப் பின்னர் அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட சந்தை இன்றும் நியூ மார்க்கெட் என்று நிற்கிறது. ஆனால் அது வெள்ளையர் வசதிக்காகத் தொடங்கிய சந்தை. ஒரே கையில் இரண்டு அதிகாரமும் சேர்ந்தால் வேலை விரைவாக நடக்கும், யாருக்காக நடக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது என்பதற்கு அது சான்று. கடலூரும் சிதம்பரமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் அப்படி நேரவில்லை. இங்கே நகராட்சியின் தலைமையும் காவல் மேற்பார்வையும் மாவட்ட ஆட்சியரின் நிழலில் இருந்தன. தொடக்க கால நகராட்சிகளுக்கு ஆட்சியரே தலைவர். காவல் கண்காணிப்பாளரும், மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த ஆட்சியரின் பொதுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகம் இருந்த உயரத்துக்கு எஸ்.பி. அலுவலகம் ஒருநாளும் வரவில்லை.

அந்த உயர வேறுபாடு இன்றும் வேலை செய்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சிதம்பரத்தை அடுத்த சாமியார்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு எல்லாம் அன்று சிதைந்தன. அப்போது கடலூர் ஆட்சியராக இருந்தவர் ககன்தீப் சிங் பேடி. 2015 வெள்ளத்தின்போதும் கடலூரின் மீட்புப் பணிக்கு அவரையே அரசு அனுப்பியது. 2021இல் அவர் பெருநகர சென்னை மாநகராட்சியின் ஆணையரானார். 2023இல் அவருக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன்; ஆழிப்பேரலைக்குப் பிந்தைய மாதங்களில் நாகப்பட்டினம் ஆட்சியராக இருந்தவர். கடலூரிலும் நாகையிலும் பேரிடர் நிர்வாகம் பழகிய இருவர் அடுத்தடுத்து சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நகர ஆட்சிக்குத் தேவையான கைப்பழக்கம் என்ன என்பதை அது காட்டுகிறது: தற்காலிகக் குடியிருப்பு அமைக்க நிலம் தேடுவது, பட்டா கொடுப்பது, ஒப்பந்தக்காரருக்குப் பணம் விடுவிப்பது, குடிநீர் லாரிக்கு வழி சொல்வது.

அதே நாட்களில் அழுகிய உடல்களைத் தூக்கியவர்கள் காவலர்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தியவர்களும் இறந்தவர்களை அடையாளம் காட்ட உறவினரை அழைத்து வந்தவர்களும் அவர்களே. ஆனால் நிலப் பதிவேடும் காசோலைப் புத்தகமும் அவர்கள் கையில் இல்லை. ஓர் ஊரைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு எவ்வளவு தெரியும் என்பதும், அந்த ஊருக்கு அது எவ்வளவு செய்ய முடியும் என்பதும் நம் நிர்வாகத்தில் தொடர்பற்ற இரு விஷயங்கள். ஸ்டேஷன் ரைட்டராகப் பத்து வருடம் இருந்த ஏட்டுக்கு எந்தத் தெருவில் தண்ணீர்ச் சண்டை எந்த மாதம் வரும் என்று தெரியும். சிதம்பரம் வடக்கு வீதியில் தேர் திரும்பும்போது எந்த முனையில் நெரிசல் ஏற்படும் என்றும் தெரியும். அந்த அறிவு பந்தோபஸ்துக்குப் பயன்படும். நகர்மன்றத் தீர்மானத்துக்குள் வந்து சேராது.

இதைவிட அழுத்தமான தடை இடமாற்றம். காவல் பணியில் உயர்வு என்றாலே ஊரை விட்டுப் போவதுதான். சொந்த ஊரில் பணி கிடையாது. ஓர் உட்கோட்டத்தில் ஓரிரு ஆண்டுகள். பிறகு வேறு மாவட்டம், வேறு பிரிவு. சிதம்பரம் உட்கோட்டத்துக்கு வருகிற இளம் அதிகாரி ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் இரண்டு முறை பார்த்தால் அதிகம். ஊழலைத் தடுக்கவும் சாதிச் சார்பைத் தவிர்க்கவும் இந்த ஏற்பாடு தேவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் விலை இது: எவ்வளவு உயரம் ஏறுகிறாரோ, அவ்வளவு தூரம் எந்த வார்டிலிருந்தும் விலகிப் போய்விடுகிறார். ஓய்வுபெறும்போது அவருக்கு ஒரு மாநிலமே தெரியும். ஒரு தெருவுக்கும் அவரைத் தெரியாது. அதனால்தான் காவல் பணியிலிருந்து பொதுவாழ்வுக்கு வரும் உயரதிகாரிகள் நகர்மன்றத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்னாள் காவல்துறைத் தலைமை இயக்குநர் ஆர். நட்ராஜ் 2016இல் மயிலாப்பூரில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். கர்நாடகத்தில் பணியாற்றிய கே. அண்ணாமலை ஒரு கட்சியின் மாநிலத் தலைமைக்கு வந்தார்.

இத்தனைக்கும் மேலாக மக்களின் நினைவு இருக்கிறது. சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீசார் சுட்டதில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் இறந்தார். அவர் சிலை அந்த ஊரில் நிற்கிறது. கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராசாக்கண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தார். அந்த வழக்கை வழக்கறிஞராக நடத்தியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தால் தமிழ்நாடே அதை அறிந்தது. இந்த மாவட்டம் அதற்கு முன்பே அறிந்திருந்தது. இவற்றைக் கண்ட ஊர், காவல் உடையை நிர்வாகத் திறமையின் சான்றாக உடனே ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. ஒருவர் தன்னைத் தெரு தெருவாக நிரூபித்துக் காட்டிய பிறகே அந்த நம்பிக்கை கிடைக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு வருவோம். கிரண் பேடி 1972இல் காவல் பணியில் சேர்ந்தவர். டெல்லிப் போக்குவரத்தில் விதிமீறிய வண்டிகளை கிரேன் வைத்து இழுத்துப் பெயர் பெற்றவர். 1993 முதல் 1995 வரை டெல்லியின் திகார் சிறையின் பொறுப்பில் இருந்து, கைதிகளுக்குக் கல்வி, தியானம், புகார்ப் பெட்டி என்று செய்த சீர்திருத்தங்கள் அவருக்கு 1994இல் மக்சேசே விருதைக் கொண்டுவந்தன. திகாரில் அவர் செய்ததை நான் உண்மையான சாதனையாகவே கருதுகிறேன். டெல்லி போலீஸ் ஆணையர் பதவி தனக்குக் கிடைக்காமல் போனபின் 2007இல் பணியிலிருந்து விலகினார். 2015இல் பாரதிய ஜனதா கட்சியின் முதல்வர் வேட்பாளராக டெல்லித் தேர்தலில் நின்று கிருஷ்ணா நகர் தொகுதியில் 2,277 வாக்கில் தோற்றார். அதற்கு அடுத்த ஆண்டு புதுச்சேரி. ஒரு நகரத்தின் வாக்காளர்கள் மறுத்த தலைமையை இன்னொரு நகரத்துக்கு நியமனம் தந்தது என்ற வரிசையை இங்கே கவனிக்க வேண்டும்.

வந்ததும் அவர் கையில் எடுத்த கருவி வார இறுதிக் காலை ரவுண்ட்ஸ். அதிகாரிகளோடு வாய்க்கால் ஓரம், குப்பைமேடு, ஏரிக்கரை என்று நடப்பார். குறைகளை அங்கேயே சொல்வார். வாட்ஸ்அப்பில் உத்தரவு போகும். அரசுக் கருவூலத்துக்கு வெளியே நன்கொடையாளர்களைப் பிடித்து வாய்க்கால்களைத் தூர்வாரச் செய்தார். தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடியது என்பதை அவரை எதிர்த்தவர்களும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோப்புக்குள் முடங்கிக் கிடந்த நிர்வாகத்தில் நேரில் வந்து பார்க்கும் ஒரு தலைமை பலருக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் இந்த முறை எங்கிருந்து வந்தது? எஸ்.பி. ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேஷனுக்குள் நுழைந்து ஜெனரல் டைரியைப் புரட்டுகிற பழக்கம்தான் அது. அங்கே கீழிருப்பவர்கள் ஒரே சீருடைக்குள் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள். நகரத்தில் அப்படியில்லை. அமைச்சர் இருக்கிறார், சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார், வரி கட்டுகிற குடிமகன் இருக்கிறார். தவறு கண்டால் மெமோ கொடுக்க இவர்கள் யாரும் கீழதிகாரிகள் அல்லர்.

இந்த முரண் மூன்று இடங்களில் வெளிப்பட்டது. 2017இல் புதுச்சேரி நகராட்சி ஆணையரை மாற்றும் விவகாரம். தேர்ந்தெடுக்கப்பட்ட தரப்பு அந்த அதிகாரியை அகற்ற முனைய, துணைநிலை ஆளுநரின் மாளிகையான ராஜ் நிவாஸ் அவரைத் திரும்ப அமர்த்தியது. நகர்மன்றம் என்று ஒன்று இருந்திருந்தால் அதன் ஆணையர் யார் என்பதில் அதற்கும் ஒரு குரல் இருந்திருக்கும். இல்லாததால் இரு பெரிய அதிகாரங்களுக்கு இடையே ஒரு நகராட்சி பந்தாடப்பட்டது. இரண்டாவது, 2018 ஏப்ரல் 28. திறந்தவெளிக் கழிப்பும் குப்பையும் இல்லை என்று சான்று பெறாத கிராமங்களுக்கு இலவச அரிசியை நிறுத்திவைப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் அதே நாளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. என் பார்வையில் முழு ஆட்சிக்காலத்தையும் விளக்கும் நாள் அதுதான். சுகாதாரம் என்பது கழிப்பறை கட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் தூய்மைப் பணியாளரை நியமிப்பதுமாக அரசு செய்ய வேண்டிய வேலை. அதைக் குடிமகன் செய்யத் தவறிய குற்றமாகவும் அரிசியை அதற்கான தண்டத்தொகையாகவும் பார்த்தது, நல்ல நோக்கம் கொண்ட ஒரு காவல் மனம். புதுச்சேரியின் பாகூரில் சோற்றுக்கு அந்த அரிசியை நம்பியிருக்கும் குடும்பத்தை அது எண்ணிப்பார்க்கவில்லை.

மூன்றாவது, 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் கட்டாயம் அமலுக்கு வந்தபோது துணைநிலை ஆளுநரே சாலையில் இறங்கி வண்டிகளை நிறுத்தினார். உயிர்காக்கும் விதி; அதில் விவாதமில்லை. முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக அமல் என்று முதல்வர் நாராயணசாமி சொன்னார். பிப்ரவரி 13 அன்று இதையும் தேங்கிக் கிடந்த வேறு கோப்புகளையும் முன்வைத்து ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். ஆறு நாள் அந்தத் தர்ணா நீடித்தது. சட்டமன்ற உறுப்பினர் லட்சுமிநாராயணன் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரல் 30 அன்று நீதிபதி ஆர். மகாதேவன், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் அன்றாட வேலைகளில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்தார். 2020 மார்ச் 11 அன்று சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டத்தின் கேள்வி எப்படி முடிந்தாலும் அரசியல் கேள்வி முடியவில்லை. பேடி விடுவிக்கப்பட்ட ஆறாம் நாள், 2021 பிப்ரவரி 22 அன்று, நாராயணசாமி அரசும் பெரும்பான்மை இழந்து வீழ்ந்தது. நகரத்துக்கு மட்டும் மன்றம் கிடைக்கவில்லை.

இதோடு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாம் பிராட்லியை வைத்துப் பார்க்கலாம். 1940இல் காவல்துறையில் சேர்ந்த கறுப்பின இளைஞர். லெப்டினன்ட் நிலைக்கு மேல் தனக்கு வழியில்லை என்று உணர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1961இல் விலகினார். 1963இல் ஒரு வட்டாரத்திலிருந்து நகர்மன்ற உறுப்பினரானார். 1969இல் மேயர் தேர்தலில் தோற்றார், 1973இல் வென்றார், 1993 வரை 20 ஆண்டுகள் மேயர். அவரை மேயராக்கியது காவல் அனுபவம் மட்டுமல்ல, மன்றத்தில் கழித்த பத்து ஆண்டுகள். தெருவிளக்குக்கும் பேருந்துக்கும் பக்கத்து வட்டார உறுப்பினரின் ஓட்டைக் கேட்டு நிற்கும் பழக்கம், கட்டளையிட்ட மனிதரைப் பேரம் பேசும் மனிதராக மாற்றியது. மன்றத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் காவல்துறையின் இனவெறியைக் கேள்வி கேட்டவர்களில் முன்னாள் காவலரான அவரும் ஒருவர் என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ராஜ் நிவாஸ் வழி வந்தவருக்கு இந்தப் பயிற்சி கிடைக்க வாய்ப்பே இல்லை. திகாரை மாற்றிக்காட்டிய ஒருவர் ஒரு வட்டத்தின் கவுன்சிலராக ஐந்து ஆண்டுகள் இருந்திருந்தால் 2018 ஏப்ரலின் அந்த அறிவிப்பு வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடலூரில் இப்போது அந்த வார்டு வாசலைப் பற்றிப் பேச முடியும். 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் 45 வார்டுகளைக் கொண்டது. 2022 தேர்தலில் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு சுந்தரி ராஜா முதல் மேயரானார். சிதம்பரம் நகராட்சியில் 33 வார்டுகள். இரு ஊர்களிலும் பாதி இடங்கள் பெண்களுக்கு. மேயரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே கட்சியின் தயவு இல்லாமல் உயரம் போக முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு வார்டில் நிற்க அந்த உயரம் தேவையில்லை. ஓய்வுபெற்ற காவலருக்குச் சட்டத்தில் தடையும் இல்லை.

தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் 1973இல் சேர்ந்தார்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. பிறகு கடலூரும் சிதம்பரமும் உட்பட ஊர் ஊராக அவை வந்தன. அந்த நிலையங்களில் தொண்ணூறுகளில் இருபது வயதில் சேர்ந்த பெண்கள் இப்போது ஐம்பதைக் கடந்து ஓய்வை நெருங்குகிறார்கள். உயரதிகாரிகளைப்போல மாநிலம் முழுதும் சுற்றியவர்கள் அல்லர் இவர்கள். பெரும்பாலோர் மாவட்டத்துக்குள்ளேயே காவலராக, ஏட்டாக, சிலர் எஸ்.ஐ.யாகப் பணி முடிப்பவர்கள். எந்த வீட்டில் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், எந்தத் தெருவில் விளக்கெரியாததால் பெண்கள் இரவில் நடக்கப் பயப்படுகிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை திடீரென்று வராமல் போனது என்பதையெல்லாம் முப்பது ஆண்டுகள் காது கொடுத்துக் கேட்டவர்கள். அவர்களில் ஒருவர் கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் கீழ வீதியிலோ வேட்புமனு கொடுத்து, அவர் காவலராக இருந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்று தெரிந்த அதே தெருக்காரர்களிடம் ஓட்டுக் கேட்டு நிற்கும் தேர்தலைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.